இரும்பு மோருக்கு வந்த குண்டு

எனக்கு ஐரோப்பியர்களின் சண்டைகள் மேல் ஒரு பித்து உண்டு. பெரிய சண்டைகள் இல்லை. அவற்றைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் கவலைப்படாத சில்லறைச் சண்டைகள்தான் எனக்குப் பிடிக்கும். மழையில் வெடிமருந்து நனைந்துபோய் இரண்டு படைகளும் முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது, வழி தவறிய தளபதி மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தது, இப்படி. கல்லூரி நூலகத்தில் கழித்துப் போட்ட புத்தகக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துப் புரட்டியதில் தொற்றிக்கொண்ட வியாதி. நான் தஞ்சாவூரில் கணக்கு டீச்சர். இந்தப் பித்தால் எனக்கோ என் மாணவிகளுக்கோ ஒரு மார்க் கூடக் கிடைத்ததில்லை.

என் கணவரின் அக்காவுக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரத்தநாட்டுக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவர் ஊர். கல்யாணமாகி நான் அவர் வீட்டுக்கு முதல்முறை விருந்துக்குப் போனபோதே, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துவிட்டேன். படம் முழுக்கப் பீரங்கி. "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன வெட்டிக்கிட்டதுல நமக்கு என்னம்மா வந்துச்சு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாக இந்த விஷயத்தில் அவர் என்னிடம் வேறு கேள்வி கேட்டதில்லை. நானும் சொல்ல முயன்றதில்லை. எனக்கும் ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி.

போன வைகாசியில் அண்ணியின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம், தாய்வீட்டில்தான் இருந்தாள். ரத்தம் குறைவு என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரை பாட்டுக்கு மாத்திரை, அண்ணிக்கு அவருடைய வைத்தியம் ஒன்று உண்டு. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மோரில் முக்குவார். சொய்யென்று சத்தம் வந்து அடங்கியதும் அந்த மோரை வடிகட்டிக் கொடுப்பார். அந்த வீட்டில் பிள்ளை பெற்ற எல்லோரும் குடித்திருக்கிறார்கள். என் மகள் பிறந்தபோது நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறேன். இதற்கென்றே பழைய தராசின் இரும்புப் படிக்கல் ஒன்றை வைத்திருந்தார். வீட்டை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்டத் தொடங்கியதிலிருந்து அந்தப் படிக்கல்லைக் காணவில்லை. அது அவருக்குப் பெரிய குறையாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே போனைப் பார்த்தேன். காலையிலேயே அண்ணியிடமிருந்து ஒரு போட்டோவும் குரல் செய்தியும் வந்திருந்தன. போட்டோவில் ஓர் இரும்பு உருண்டை, விளாம்பழ அளவு, அவருடைய உள்ளங்கையில். குரல் செய்தியைக் காதில் வைத்துக் கேட்டேன்.

"படிக்கல்லு போச்சேன்னு இருந்தேன்ல, ரூமுக்கு மண்ணு அடிச்சாங்க பாரு, அதுலேருந்து இது கெடச்சிது. நல்ல கனம். நடுவுல ஓட்டை வேற இருக்கு, கம்பிய விட்டுத் தூக்க வசதியா. இன்னிக்கி வெள்ளிக்கெழம, பொண்ணுக்கு மோர் வச்சுக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

மண் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வந்தது என்று போன வாரமே சொல்லியிருந்தார். நான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கையில் சோறு காய்ந்துபோயிற்று.

ஓட்டை இல்லாத இரும்புக் குண்டு வெறும் இரும்பு. அதை அடுப்பில் போடலாம், மோரில் முக்கலாம், ஊறுகாய் ஜாடி மேல் பாரம் வைக்கலாம். ஓட்டை இருந்தால் அது வேறு சாதி. உள்ளே கூடு. அந்தக் கூட்டில் வெடிமருந்தை அடைத்து, ஓட்டையில் திரியைச் செருகி, பற்றவைத்துக் கையால் வீசுவார்கள். அதற்கென்று படையில் உயரமான, தோள் அகன்ற ஆட்களாகப் பார்த்துத் தனியே எடுப்பார்கள். வீசும்போது கை தொப்பியில் இடிக்கக் கூடாது என்று அவர்களுக்கு மட்டும் விளிம்பு இல்லாத உயரத் தொப்பி. இதையெல்லாம் எத்தனை ஆசையாகப் படித்திருக்கிறேன். மண்ணுக்குள் கிடந்தாலும் ஓட்டை இறுக அடைபட்டிருந்தால் மருந்து நூற்றாண்டுகள் தாங்கும் என்பதையும், பழைய குண்டைச் சுத்தம் செய்யப் போய் செத்தவர்கள் உண்டு என்பதையும் அதே ஆசையோடு படித்திருக்கிறேன். அண்ணி அதைப் பழுக்கக் காய்ச்சப் போகிறார். அடுப்புக்கும் குழந்தை படுத்திருக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்.

அண்ணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அவர் மகளுக்குச் செய்தேன். எடுக்கவில்லை. குழந்தை தூங்கினால் வீட்டில் உள்ள அத்தனை போனையும் சைலன்ட்டில் போட்டுவிடுவார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. என் கணவருக்குச் செய்தேன். அவர் திருச்சியில் ஒரு மீட்டிங்கில் இருந்தார். "அக்கா அப்படியெல்லாம் பண்ணாது" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. போலீசுக்குச் சொல்லலாம் என்றால், என் நாத்தனார் மோர் காய்ச்சப் போகிறார், உடனே வாருங்கள் என்றா சொல்வது? தலைமையாசிரியையிடம் வீட்டில் அவசரம் என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் ஏறினேன்.

அந்த பஸ் ஒவ்வொரு புளியமரத்தடியிலும் நின்றது. வயல்களில் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். தண்ணீர் வந்துவிட்ட வாய்க்கால்களில் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பக்கம் போனை அழுத்திக்கொண்டே, மறுபக்கம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிய ஏழாண்டுப் போரின்போது பிரெஞ்சுப் படை தஞ்சாவூர்க் கோட்டையை வளைத்து நின்ற கதையை நான் வகுப்பில் கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சிரிப்பு வரும்படி சொல்லியிருக்கிறேன். வெடிமருந்து போதாமல் நாகப்பட்டினத்து டச்சுக்காரர்களிடம் கையேந்தினார்கள் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்தக் குண்டு அவர்களுடையதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர்களுக்குப் பிறகு ஆங்கிலேயர்களும் இரண்டு தடவை வந்து அதே கோட்டையை வளைத்தார்கள். யாருடையதாக இருந்தால் என்ன? யாரோ ஒருத்தன் வீசாமல் விட்டது இருநூற்றைம்பது வருஷம் கழித்து எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்திருந்தது.

மெயின் ரோட்டில் பிடித்த ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கொல்லைப்புறத்தில் புகை தெரிந்தது. செருப்போடு வீட்டுக்குள் நுழைந்து, கூடம், அடுக்களை எல்லாம் தாண்டி ஓடினேன். கொல்லையில் விறகடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குடத்தில் தண்ணீர் இருந்தது. அப்படியே தூக்கி அடுப்பில் கொட்டினேன். சாம்பல் எழும்பி என் முகத்தில் அடித்தது.

புகை அடங்கியதும் பார்த்தேன். அடுப்பில் இருந்தது ஓர் அண்டா.

அண்ணி கையில் துண்டோடு வந்து நின்றார். பதறவில்லை, கத்தவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளைக்கு வெந்நீர் போட்டிருந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

குண்டு எங்கே என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் துவைக்கிற கல்லைக் காட்டினார். அதன்மேல் ஒரு பழைய அலுமினியச் சட்டி. அதில் அரிசி களைந்த கழுநீர், கறுத்துப்போய், நடுவில் குண்டு.

"மண்ணுல கெடந்த இரும்ப அப்படியே பச்ச ஒடம்புக்காரிக்குக் குடுக்க முடியுமா? மூணு நாளா கழுநீர்லயும் புளித்தண்ணிலயும் மாத்தி மாத்திப் போடுறேன். இன்னிக்கி ஆயிரும்னு பாத்தேன், உள்ளேருந்து கரி கரியா வந்துக்கிட்டே இருக்கு. தெளிஞ்சாத்தானே அடுப்புல வைக்கலாம்? ஈர்க்குச்சிய விட்டுக் கொடஞ்சு கொடஞ்சு என் வெரலே போச்சு."

அந்தக் கறுப்புத் தண்ணீரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வாழைக்கு ஊற்றினாராம். நான் சட்டியில் விரலைத் தொட்டு முகர்ந்தேன். தீபாவளியன்று காலையில் தெருவில் வரும் வாசனை. சந்தேகமே இல்லை. உள்ளே அத்தனையும் மருந்தாக இருந்து, அண்ணியின் கழுநீரில் கரைந்து, ஈர்க்குச்சியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்திருக்கிறது. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். இவ்வளவு நிம்மதியாக நான் எப்போதும் அழுததில்லை.

அழுகைக்கு நடுவில் அது என்ன பொருள், எந்தச் சண்டையில் வந்திருக்கலாம் என்று சொன்னேன். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் குழந்தை இருக்கிற அறையின் ஜன்னலைப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மகளையும் குழந்தையையும் எதிர்வீட்டுக்கு அனுப்பினார். நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். மோர் விவகாரத்தைச் சொல்லவில்லை, மண்ணில் பழைய குண்டு கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் வந்து, சட்டியோடு மணல் நிரப்பிய வாளியில் இறக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை, நன்றாகக் கழுவியிருக்கிறீர்கள் என்று மறுநாள் போனில் சொன்னார்கள். அண்ணிக்கு அதில் ரொம்பப் பெருமை. எனக்குத்தான் சட்டி திரும்பி வராததில் அவரிடம் பதில் சொல்லி மாளவில்லை.

அன்று போலீஸ் போனதும் அண்ணியின் மகளும் குழந்தையும் எதிர்வீட்டிலிருந்து திரும்பினார்கள். அண்ணி அடுப்பைத் துடைத்து, காய்ந்த விறகு வைத்து, மறுபடியும் பற்றவைத்தார். பழைய இரும்புக் கரண்டி ஒன்றைக் காய்ச்சினார். சிவந்ததும் மோரில் முக்கினார். சொய்யென்ற சத்தத்தில் நான் திடுக்கிட்டேன். வடிகட்டி இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஒன்றை மகளுக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"குடி. உனக்குத்தான் இப்ப ரத்தமே இல்ல, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு."

மூக்கைப் பிடிக்காமல் குடித்தேன். அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பால் என் நெற்றியில் இருந்த சாம்பலைத் துடைத்துவிட்டார். பிறகு கேட்டார்.

"அந்தச் சண்டையில யாரும்மா ஜெயிச்சா?"

இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டாவது கேள்வி. கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களால் பிடிக்க முடியவில்லை என்றேன். மருந்து தீர்ந்துபோயிற்று, காரைக்கால் கடலில் ஆங்கிலேயர்களின் கப்பல் தெரிகிறது என்று செய்தி வந்தது, சோறு கிடைக்காமல் பசியோடு கடற்கரைப் பக்கம் திரும்பி நடந்தார்கள் என்றேன்.

"பசியோடயா? இந்த ஊர்லயா?" என்றார் அண்ணி. "அவன பெத்தவளுக்குத் தெரியாதுல்ல, இங்க சோத்துக்கு நின்னான்னு."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு வரி இல்லை. உள்ளே குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. அவள் இன்னும் மோரைக் குடித்து முடிக்கவில்லை, நீ போய்த் தூக்கு என்றார் அண்ணி. அப்போதுதான் உறைத்தது, வந்ததிலிருந்து நான் குழந்தையைப் பார்க்கவே இல்லை. சோப்புப் போட்டுக் கை கழுவினேன். விரலை முகர்ந்து பார்த்தேன். இன்னும் தீபாவளி வாசனை இருந்தது. இன்னொரு தடவை கழுவிவிட்டுப் போய்த் தூக்கிக்கொண்டேன்.