கோடுகள் வெட்டிக்கொண்ட கல்

வாகட் பகுதியில் உள்ள மகன் வீட்டு வராந்தாவில் தரைக்கல் பதிக்க வந்த கொத்தனார் சுண்ணப்பொடி தடவிய நூலைச் சுண்டியதும், அந்த வாசனையில், நான் சிறுவனாக வளர்ந்த, எப்போதோ இடிக்கப்பட்டுவிட்ட கட்கி குவார்ட்டர்ஸ் வராந்தா நினைவில் எழுந்தது. அங்கே பக்கத்து வீட்டுச் சேகர் தரையின் சதுரக்கற்களையே வரைபடத்தாளாக எண்ணி, கணக்கில் கொடுத்த இரண்டு சமன்பாடுகளுக்கும் இரண்டு சாக்பீஸ் கோடுகள் இழுத்து, அவை வெட்டிக்கொள்ளும் கல்லைப் பார்த்தே எக்ஸ், ஒய் இரண்டையும் சொல்லிவிடுவான். நானோ பெருக்கிக் கழித்து, குறியை மாற்ற மறந்து விழிப்பேன்.

பரீட்சையில் அவன் விடையை மட்டும் எழுதியிருந்தான். என் தாளை இன்னும் திருத்தியிராத வாத்தியார், "உன்னைப் பார்த்தா எழுதினான்?" என்று பரீட்சையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைக் கேட்டார். பொறாமையில் "ஆமாம் சார்" என்றேன். அவனுக்குப் பூஜ்யம் போட்டு, அப்பாவை அழைத்துவரச் சொன்னார்.

சாயங்காலம் சேகர் கேட்டான்: "டேய், நீ எழுதினது தப்பு, நான் எழுதினது ரைட்டு. அப்புறம் உன்னைப் பார்த்து எப்படிடா காப்பியடிப்பேன்?"

அதை அவன் வாத்தியாரிடம் ஏன் சொல்லவில்லை என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.