கரடியிடம் சொன்னது

கனடாவில், ஒஜிப்வே பழங்குடிகளான எங்கள் ஊரிலிருந்து வின்னிபெக் நகரத்துக்குப் போய்ச் சமூகப்பணி படித்துத் திரும்பிய முதல் ஆள் என் பெரியம்மா மகள் டெல்மா. சுகாதார நிலையத்தில் அவளுக்கு ஓர் அறையும், கதவில் ‘மனநலம்’ என்றொரு பலகையும் கொடுத்தார்கள். அந்தப் பலகைதான் வினை. வாசலில் யார் வண்டி நிற்கிறதென்று ஊரே பார்க்கும். மத்தியானத்துக்குள் பிங்கோ சூதாடும் கூடத்தில் அவருக்கு என்ன வியாதி என்று தீர்ப்பாகிவிடும். குளிர்காலம் முழுக்க வந்தவர் ஒருவர்தான், அவரும் ஹீட்டரைப் பழுதுபார்க்க.

பனி உருகியதும் டெல்மா பலகையைக் கழற்றிவிட்டு, தன் பிக்கப் வண்டியில் ஊர்க் குப்பையையும், கூட வருகிறவர்களையும் ஏற்ற ஆரம்பித்தாள். குப்பைமேட்டுக்கு ஏன் போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சாலையைப் பார்த்துக்கொண்டே மனதில் இருப்பதைச் சொல்லலாம். ஊர் பளிச்சென்று ஆயிற்று. குப்பை இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்தார்கள்.

ஹெக்டர் அத்தான் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் மனைவி ஐரீன், டெல்மாவின் அக்கா, இறந்து ஒரு வருடம். அவளுடைய ஓடாத வாஷிங் மெஷினை வண்டியில் ஏற்றுவார், மேடு வரை வருவார், மழையைப் பற்றிப் பேசுவார், அதையே திரும்பக் கொண்டுபோய் இறக்குவார். மெஷினுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார் என்று நாங்கள் கேலி செய்தோம். கூடத் தூக்கிய டெல்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஆகஸ்டில் ஒருநாள் மேட்டில் நின்ற வண்டியில் கரடியொன்று ஏறி, மெஷினுக்குள் தலையை விட்டது. அத்தான் கீழே குதித்துவிட்டார்.

“இறங்குடா. அது என் பொண்டாட்டியோடது. அதுல துணி போட என்னையே அவ விட்டதில்ல.”

கரடி சற்று யோசித்துவிட்டு இறங்கிப் போயிற்று. அத்தான் ஒரு பழைய டயரில் உட்கார்ந்து அழுதார்.

டெல்மா கேட்டாள்: “கரடிகிட்ட சொன்னத என்கிட்ட சொல்லக் கூடாதா அத்தான்?”

“கரடி ஊர்ல போய்ச் சொல்லாது புள்ள. உங்க குடும்பத்துல யார் வாயில எது தங்கிருக்கு?”

ஆனாலும் சொன்னார். மெஷினைச் சரிபார்க்கச் சொல்லி ஐரீன் கெஞ்சியபோதெல்லாம் நாளைக்கு என்று மீன்பிடிக்கப் போனாராம். நடுவில் டெல்மாவும் அழுதாளாம். இதெல்லாம் அத்தானே சொன்னது. டெல்மாவிடமிருந்து ஒரு சொல் பிடுங்க முடியாது.

மெஷின் அன்றும் திரும்பி வந்தது. அத்தான் அதைப் பிரித்து, பெல்ட் மாற்றி ஓடவிட்டார்.

டெல்மா இப்போது உறைந்த ஏரிமேல், பனியில் துளையிட்டுத் தூண்டில் போடும் மீன்பிடிக் கொட்டகை போட்டிருக்கிறாள். ஒரு மீனும் சிக்கியதில்லை. உள்ளே அவளோடு இன்னொருவர்தான் உட்காரலாம்; இடம் வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.