என் கையும் மாப்பிள்ளை முகமும்

ஹட்டனுக்குப் போய் முகத்துக்குப் பூச ஏதாவது வாங்கினால் நேரே பூச மாட்டேன். வாசனை போடாததாகப் பார்த்து வாங்கி, முழங்கையின் உட்பக்கத்தில் துளி தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பேன். மருந்துக்கடைப் பிள்ளை, "யாருங்கம்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

சின்ன வயதில் எனக்கு எதுவுமே ஒத்துக்கொள்ளாது. கம்பளிச் சட்டை பட்டால் கழுத்து தடிக்கும், சவுக்காரம் பட்டால் கை அரிக்கும். அதனால் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு எந்தப் புதுச் சவுக்காரம் வந்தாலும் முதலில் என் கையில்தான் தேய்ப்பார்கள். இவளுக்கு ஒத்துக்கொண்டால் தோட்டத்துக்கே ஒத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. அவரவர் தோலுக்கு அவரவர் கைதான் சாட்சி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்தெல்லாம் பவுடர் டப்பாவோடு வருவார்கள். எனக்கும் பெருமைதான். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைத் தேடி வந்ததில்லையே.

அப்போது அத்தையைப் பெண் பார்க்க டயகமத் தோட்டத்திலிருந்து வருவதாகச் சேதி வந்தது. முன்பு வந்தவர்கள், பெண் கறுப்பு என்று தேத்தண்ணீரைக் கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். அத்தை அதை மறக்கவில்லை. சம்பள நாளில் தோட்டத்துக்கு வரும் யாவாரியிடம் ரோசாப்பூ வாசனையில் ஒரு கிரீம் வாங்கினாள். "டயகமப் பக்கமெல்லாம் இதத்தாங்க அள்ளிக்கிட்டுப் போறாங்க" என்றான் யாவாரி.

வழக்கம்போல என் சட்டைக் கையைச் சுருட்டித் தடவினாள். விடிந்து பார்த்தால் பூசிய இடம் தக்காளி மாதிரி இருந்தது.

"போச்சுடி என் மினுமினுப்பு!" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வெந்த மூஞ்சியா நிக்கிறதுக்குக் கறுத்த மூஞ்சியாவே நில்லு, புள்ள" என்றாள் அம்மா.

வெறும் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு அத்தை தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையோ மூக்கு வரைக்கும் மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார். "பனி ஒத்துக்கல" என்றார் அவருடைய அம்மா. குடிப்பதற்காக மாப்பிள்ளை மப்ளரை இறக்கினார். இரண்டு கன்னமும் சிவந்து வீங்கி, கண்ணைத் தேட வேண்டியிருந்தது. ரோசாப்பூ வாசனை வேறு.

வாயே திறக்காத நான் அத்தையின் சேலைக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டேன்:

"இந்த மாமாவுக்குக் கையில பூசிப் பாக்க வீட்டுல புள்ள இல்லையா?"

கேட்டதோடு நிற்காமல் என் கையையும் நீட்டிக் காட்டினேன். அப்பா என்னை முறைத்தார். மாப்பிள்ளை என் கையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு, வலிக்காமலிருக்க இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இல்ல பாப்பா. இருந்திருந்தா நானும் தப்பிச்சிருப்பேன்."

அத்தையும் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த தேத்தண்ணீர் பாதி தரையில்.

அவர்கள் படி இறங்குவதற்குள் அத்தை அம்மாவின் காதில் சரி என்று சொல்லிவிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தைக்கு வீங்கின முகம்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கலியாணத்துக்குள் அந்த வீக்கம் வற்றிப்போய், அத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் எனக்குக் கவலை.