பாலசிங்கம் அண்ணையின் மரண அறிவித்தல்

புளியங்கூடலில் யார் செத்தாலும் வெளிநாட்டுக்கு முதலில் சொல்லுகிற ஆள் பாலசிங்கம் அண்ணைதான். பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்கதவில் நின்று அவர் "போகலாம்" என்றால் முன்னால் இருக்கும் றைவரின் காது அடைக்கும். வேலைதான் ஓய்வு பெற்றதே தவிர, அந்தத் தொண்டை ஓய்வு பெறவில்லை.

சமாதான காலம் அது, இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. ஊர்காவற்றுறையில் நான் நடத்திய தொலைபேசிக் கடையில் ஒரு கொம்பியூட்டரும் வாங்கிப் போட்டேன். பெடியள்தான் வந்து குவிவார்கள் என்று நினைத்தேன். முதல் ஆளாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் எழுபதை எட்டிப் பிடிக்கப்போகும் இந்த மனிதர்.

"றஞ்சனி, இதில எங்க தட்டினா சுவிஸுக்குப் போகும்?"

சுவிஸில் இருந்த ஆரூரன், புளியங்கூடல் ஆட்களுக்கென்று ஓர் இணையத்தளம் தொடங்கியிருந்தான். திருவிழா, கலியாணம், மழை, சாவு எல்லாம் அதில் வரும். ஊரில் இருந்து செய்தி அனுப்ப ஆள் தேடினான். அண்ணை தன் படத்தையும் அனுப்பி "ஊர்ச் செய்தியாளர்" ஆகிவிட்டார். ரிக்கற் கிழித்துப் பழகிய வலது பெருவிரல் ஒன்றாலேயே எல்லாவற்றையும் தட்டுவார். மற்ற விரல்களையும் பாவிக்கச் சொன்னால், "அதுகள் பென்சன் எடுத்திட்டுதுகள்" என்பார். மரண அறிவித்தல் எழுதுவதென்றால் அவருக்கு ஒரு தனிச் சந்தோசம். செத்தவரைக் குறிக்க அதில் வருமே "அன்னார்" என்ற சொல், அதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டுவார்.

சொல்வழி கேட்கிற ஆள் இல்லை. மின்னஞ்சலின் தலைப்புக் கட்டத்தில் விசயத்தைப் போடுங்கள் என்று எத்தனையோ தரம் கத்தினேன்.

"கடித உறைக்கு வெளியால அனுப்புறவன்ர பேர் போடுறதில்லையோ? நீர் சும்மா இரும்" என்றார். எல்லா மின்னஞ்சலுக்கும் தலைப்பு "புளியங்கூடல் பாலசிங்கம்" தான், அதுவும் ஆங்கில எழுத்தில்.

ஒருநாள் அவருடைய பக்கத்து வளவுச் சீதேவி ஆச்சி காலமானார். ஓடிவந்து அறிவித்தலைத் தட்டினார். என் கத்தலுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் இரங்கி, தலைப்பில் "மரண அறிவித்தல்" என்பதையும் அதே ஆங்கில எழுத்தில் சேர்த்தார். தன் பெயரை மட்டும் எடுக்கவில்லை. அன்றைக்கென்று உள்ளே இருந்த தமிழ் எழுத்தெல்லாம் ஆரூரனின் கொம்பியூட்டரில் பூச்சி பூச்சியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாசிக்கக்கூடியதாக இருந்தது தலைப்பு ஒன்றுதான்: புளியங்கூடல் பாலசிங்கம் மரண அறிவித்தல்.

அடுத்த நாள் ஆச்சியின் அறிவித்தலைப் பார்க்க வந்தவர் கண்டது தன்னைத்தான். கறுப்புக் கரைக்குள் அவர் படம். புளியங்கூடலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பாலசிங்கம் அவர்கள் காலமானார். மேலதிக விபரங்கள் பின்னர் அறியத்தரப்படும்.

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போய்விட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தார்.

"போட்டதுதான் போட்டான், சவரம் எடுத்த படமாப் பாத்துப் போட்டிருக்கலாம்."

கீழே இரங்கல்கள் வரிசையாக வந்திருந்தன. ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். "இஞ்ச பாரும், என்னை வாயாடி எண்டு திரிஞ்சவன், இப்ப தங்கமான மனுசன் எண்டுறான்!" கடைசி இரங்கலுக்கு வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன்.

"விபரம் போடும்போது, சகோதரர் என்ற இடத்தில் தயவுசெய்து என் பெயரையும் போடுங்கள். அம்மாவின் அறிவித்தலில் விட்டுவிட்டார்கள். நான் அண்ணையின் ஒரே தம்பி. தியாகலிங்கம், ரொறன்ரோ."

தியாகலிங்கம் கட்டியது எங்கள் தெரு மாக்கிறேற்றை. சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, தகப்பன் எங்கள் ஆட்களைப்போலக் கடற்றொழில். அதற்காக அண்ணை தம்பியோடு கதைப்பதை விட்டார். தொண்ணூற்றேழில் தாய் செத்தபோது பத்திரிகை அறிவித்தலில் மகன் என்று தன் பெயரை மட்டும் போட்டார். எங்கள் ஆட்களுக்கு அதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அந்தக் கதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும்.

"என்ன அண்ணை, இந்த முறை போடுவமோ, விடுவமோ?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"என்ர சாவிலயாவது ஒரு இடம் தரச்சொல்லிக் கெஞ்சுறான், றஞ்சனி."

"இந்தா ரெலிபோன். எடுத்துக் கதையுங்கோ."

"இல்லை. ஊருக்கு முன்னால விட்ட பேர். ஊருக்கு முன்னாலதான் போடவேணும்."

முகத்தைச் சால்வையால் துடைத்தார். இரங்கல் எழுதும் கட்டத்திலேயே, தம்பியின் வரிகளுக்குக் கீழே, பெருவிரலால் தட்டத் தொடங்கினார்.

"புளியங்கூடலைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பாலசிங்கம் காலமாகவில்லை. அன்னார் தியாகலிங்கத்தின் அன்பு அண்ணனும்,"

விரல் நின்றது. அவ்வளவுதான், இதோடு முடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். விரல் மறுபடி இறங்கியது.

"மாக்கிறேற்றின் அன்பு மைத்துனரும் ஆவார். மேலதிக விபரங்களை அன்னாரிடமே தொலைபேசியில் கேட்டு அறியலாம்."

கீழே என் கடை இலக்கத்தையும் போட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

அடுத்த நாள் நான் கடை திறக்க முன்னமே வந்து வாசலில் நின்றார், சவரம் எடுத்து, வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு. மத்தியானம்வரை வந்த அழைப்பெல்லாம் வேறு யாருக்கோ. ஒவ்வொரு மணிக்கும் எழும்பி எழும்பி இருந்தார். பிறகு ஒன்று வந்தது. நான் எடுத்தேன். ஒரு பெண் குரல். எத்தனை வருசமானாலும் எங்கள் தெருக் குரல் எனக்குத் தெரியாதா?

"அன்னார் நிக்கிறாரோ?" என்று கேட்டாள் மாக்கிறேற்.