அலுமாரிக் கதவில் ஒட்டிய மருந்துத் தாள்

ஆறு மாதப் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது எனக்கு வந்தது வெறும் இடுப்பு நோவு. அந்த நோவைவிட, அதற்கு ஊர் சொன்ன மருந்துதான் என்னைக் கூடுதலாக வாட்டியது. தெருமுனைப் பாமசிக்காரர் எனக்கு முன்னால் நின்றவருக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் மூன்று நிறத்தில் குளிசை அள்ளிக் கொடுத்தார். என் வயிற்றைக் கண்டதும் இரண்டு கையையும் உதறிக்கொண்டார்.

"அல்லாவே, புள்ளத்தாச்சிக்கு நான் ஒண்டும் தரமாட்டன். நாளைக்கு ஏதும் எண்டா என்ட தலையிலதான் வரும்."

"பூசுற தைலமாச்சும் பூசலாமா காக்கா?"

"எனக்குத் தெரியா. கிளினிக்குல கேளுங்க."

கிளினிக் அடுத்த புதன்கிழமை. அதுவரை இடுப்பைக் கழற்றி ஆணியிலா தொங்கவிடுவது? பக்கத்து வீட்டில் தைலம் பூசச் சொன்னார்கள். எதிர் வீட்டில் தைலத்தை மணந்தாலே பிள்ளைக்கு ஆகாது என்றார்கள். வெந்தயம் குடி என்று ஒருத்தி, வெந்தயம் சூடு என்று இன்னொருத்தி. ஒருவருக்குக்கூட "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வகையில் பாமசிக்காரர் எவ்வளவோ மேல்.

என் பயம் சும்மா பயமில்லை. இதற்கு மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. அந்தக் கிழமை எனக்குக் காய்ச்சல். உம்மா கடையில் வாங்கித் தந்த இரண்டு பரசிட்டமோல் குளிசையைப் போட்டிருந்தேன். கலைந்த பிறகு வந்தவர்கள் எல்லோரும் "அல்லாட நாட்டம்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த இரண்டு குளிசையும் என் மனதை விட்டுப் போகவேயில்லை. டொக்டரிடம்கூடக் கேட்கவில்லை. கேட்டு, "ஓம், அதாலதான்" என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

இந்த முறை உம்மா கடைக் குளிசை ஒன்றையும் வீட்டுக்குள் விடவில்லை. நோவில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைக் கண்டதும் அலுமாரியைத் திறந்து, சவூதியில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் உம்மாவின் தங்கை, என் சாச்சி, அனுப்பிய குளிசையை எடுத்து வந்தார்.

"இதப் போடு கிளி. இது மக்கத்து மண்ணுல இருந்து வந்த மருந்து. ஒண்டும் செய்யாது."

"மக்கத்து மண்ணுல வித்தா எல்லாம் நல்லதா உம்மா?"

"வாயப் பொத்து. பேசற பேச்சப் பாரு."

சாச்சி பார்சலில் இடம் மிச்சம் பிடிக்கப் பெட்டியை வீசிவிட்டுக் குளிசைப் பட்டைகளையும் உள்ளே இருந்த தாளையும் மட்டும் அனுப்பியிருந்தார். உம்மா அந்தப் பட்டைகளையும் கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக வெட்டிச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டார். என் கைக்கு வந்த துண்டுகளில் பெயர் பாதி, வெட்டு பாதி. மருந்தோடு வந்த தாளை மட்டும் அவர் குப்பையில் போடவில்லை. அறபு எழுத்துள்ள தாள், காலில் பட்டால் குற்றம் என்று அலுமாரிக் கதவின் உள்பக்கம் நான்கு மூலையிலும் டேப் அடித்து ஒட்டிவைத்திருந்தார். தலைவலிக் குளிசையின் விளக்கத் தாளுக்கு அவ்வளவு மரியாதை.

நோவு தாங்க முடியவில்லை. போட்டேன். இரண்டு நாளில் மூன்று குளிசை. நோவு பறந்தது. உம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்தக் குளிசையைத் தானே செய்தவர் போல.

மூன்றாம் நாள் உடுப்பு எடுக்க அலுமாரியைத் திறந்தவள், சும்மா நின்று அந்தத் தாளை வாசித்தேன். எங்கள் ஊரில் ஐந்து வயதில் குர்ஆன் மதரசாவில் குந்தினால் அறபு எழுத்து தண்ணீர் பட்ட பாடு. எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எல்லாம் தெரியும். பொருள் மட்டும் தெரியாது. நானும் அந்த மருந்துத் தாளை இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அழகாக ஓதிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு சொல் வந்தது. ஹமல். மார்க்கப் பயான் பேச்சுகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல், கர்ப்பம் என்று எனக்கே தெரியும். கீழே இன்னொரு தரமும் அதே சொல். கர்ப்பிணி போடலாம் என்கிறதா, போடக்கூடாது என்கிறதா?

என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் கணித ஆசிரியர். எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, ஆகவே என் உம்மாவுக்கு எதிராக ஒரு சொல் கதைக்கமாட்டார். அவரும் தாளைப் பார்த்து, என்னைவிட நல்ல குரலில் ஓதினார்.

"ஓதச் சொல்லல்ல. என்ன எழுதியிரிக்கி எண்டு சொல்லுங்க."

"அது எனக்கெப்படித் தெரியும்?"

போனில் படம் பிடித்துத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தார். "கர்ப்பம் சுமக்கும் பெண் கல்லீரல் நிறுத்து மருத்துவர்" என்று வந்தது. தலையும் இல்லை, வாலும் இல்லை. பிறகு அந்தப் படத்தை அசர்த் தொழுகைக்குப் பின் மௌலவியிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

"என்ன சொன்னார்?"

"மருந்துப் பேரெல்லாம் அவருக்கு விளங்கல்லயாம். ஆனா புள்ளத்தாச்சி இதப் போட முந்தி டொக்டர்ட்டக் கேக்கட்டாம் எண்டு எழுதியிரிக்காம்."

போட முந்தி! நான் போடத் தொடங்கி மூன்றாம் நாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனை வாங்கிக் கிணற்றுக்குள் எறிந்திருப்பேன். உம்மாவோ குசினிக்குள் இருந்து, "ஒண்டும் செய்யாது, ஒண்டும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சொல்லைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றி எரிந்தது. மூன்று வருடங்களுக்கு முன்னும் இதே வாய் இதையேதான் சொன்னது என்று கத்த நினைத்தேன். கத்தவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பிள்ளை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அசைந்தால் ஒரு நிமிடம் நிம்மதி. அடுத்த நிமிடம், இது நோவில் துடிக்கிற துடிப்போ என்று நினைப்பேன்.

புதன்கிழமை அந்தத் தாளைக் கதவிலிருந்து உரித்தேன். "அறபு எழுத்து, கிழிச்சிராத மகள்" என்று உம்மா பின்னால் நின்று பதறினார். கடைசியில் அவரே அதை வாங்கி, ஒரு சுத்தமான பையில் வைத்து, நெஞ்சோடு அணைத்தபடி என்னோடு கிளினிக்குக்கு வந்தார்.

மிட்வைஃப் மிஸ் பக்கத்துத் தமிழ் ஊரான பெரியநீலாவணைக்காரி. வாங்குப் பலகைகளில் இருபது பேர் குந்தியிருக்க, எல்லோருக்கும் கேட்கும்படி ஏசினார்.

"மருந்து போட முந்திக் கேக்கோணும் எண்டு உங்களுக்கு எத்தின தரம் சொல்லுற பிள்ள? என்ன குளிசை?"

உம்மா தாளை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது எனக்கு எங்க விளங்கும்?" என்ற மிஸ், தாளை ஒரு திருப்புத் திருப்பினார். "அடி பிள்ள, பின்பக்கம் முழுக்க இங்கிலீசுல கிடக்கே!"

நான் எட்டிப் பார்த்தேன். மருந்தின் பெயரில் இருந்து எல்லாம் இங்கிலீசில், கொட்டை எழுத்தில். உயர்தரம் படித்தவள் நான், கணித ஆசிரியர் என் கணவர். இரண்டு பேரும் ஒரு டேப்பை உரித்துப் பின்பக்கம் பார்க்காமல் மூன்று நாளாக ஓதிக்கொண்டிருந்திருக்கிறோம். வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

டொக்டர் தாளை வாசித்தார். இளம் பெண், ஏசத் தெரியாதவர். இது ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி தொடக்கூடாத வகை நோவுக் குளிசை, தொடர்ந்து போட்டால் பிள்ளையின் கிட்னிக்கும் இதயத்துக்கும் கூடாது என்றார். என் முகம் போன போக்கைக் கண்டு, "மூணுதானே போட்டீங்க, பயப்படாதீங்க, இனித் தொடாதீங்க" என்று சொல்லிக் கருவியை வயிற்றில் வைத்தார். பிள்ளையின் இதயம் குதிரை ஓடுகிற மாதிரி ஓடியது. நோவு வந்தால் பரசிட்டமோலைச் சொல்லுகிற அளவில் போடலாம் என்றார்.

பரசிட்டமோல். மூன்று வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை அப்போதுதான் துப்பினேன்.

"டொக்டர், முந்தின புள்ள மூணாம் மாசத்துல கலைஞ்சி போச்சி. அந்தக் கிழமை காச்சலுக்கு ரெண்டு பரசிட்டமோல் போட்டன். அதாலயா?"

"இல்லம்மா. அந்த ரெண்டு குளிசையால கலைஞ்சிருக்காது. மூணு மாசத்துக்குள்ள கலையிறதுல கூடுதலானது கரு தொடக்கத்துலயே சரியா அமையாததால. ஆரும் செஞ்ச பிழையில்ல."

நான் மூச்சை விட்டேன். எனக்குப் பின்னால் நின்ற உம்மா முன்னுக்கு வந்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"டொக்டர், அந்தக் குளிசைய வாங்கிக் குடுத்தது நான்தான். அப்ப நான் குடுத்ததால இல்லியா?"

"இல்ல உம்மா. நீங்க குடுத்ததால இல்ல."

"இன்னொருக்காச் சொல்லுங்க மகள்."

டொக்டர் இன்னொரு தரம் சொன்னார். உம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கடைக் குளிசையை ஏன் வாசல்படி தாண்ட விடவில்லை, மக்கத்து மருந்தை ஏன் அப்படி நம்பினார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, உம்மாவில் இல்லை, எங்கள் இரண்டு பேரிலும். மூன்று வருடம் ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, ஒருத்தியிடம் ஒருத்தி இதைக் கேட்காமலே இருந்திருக்கிறோம்.