ஷவ்கி அத்தான் மிச்சம் பிடித்த மின்சாரம்

ஷவ்கி கைபட்ட மடிக்கணினி என்றால் பேட்டரி ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கும். துர்பா சந்தையில் அத்தானுக்கு இருந்த பேர் அதுதான். திரை உடைந்து வந்தாலும் சரி, விசைப்பலகையில் தேநீர் கொட்டி வந்தாலும் சரி, வந்த வேலையை முடித்துவிட்டு, யாரும் கேட்காமலேயே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற மாதிரி எல்லாவற்றையும் மாற்றி வைத்துத்தான் கொடுப்பார். அதற்குக் கூலி வாங்கமாட்டார். ஊர்க்கம்பியில் மின்சாரம் செத்து ஒன்பது வருஷம். கூரையில் சோலார் பலகை, கட்டிலுக்கடியில் ஒரு பேட்டரி என்று வாழ்கிற ஊரில் அதைவிடப் பெரிய உபகாரம் என்ன இருக்கிறது?

அவர் என் அக்கா இன்திஸாரின் புருஷன். எங்கள் மலைக்கிராமத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் கணினி அறிவியலில். இதைச் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்படுவதில்லை. நாலு வருஷம் எனக்குப் பணம் கட்டியது அக்காதான், கிளினிக்கில் ஊரார் ரத்தத்தைச் சோதித்துச் சம்பாதித்து. அந்த கிளினிக்கை மூடிவிட்டார்கள். பிறகு எல்லை தாண்டி சலாலாவில் ஒரு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கூட ஆட்கள் எடுப்பதாகத் தெரிந்தது. இணையத்தில் ஒரே ஒரு பரீட்சை. முப்பத்தைந்து வயது தாண்டினால் எழுத முடியாது. அக்காவுக்கு முப்பத்தைந்து முடிய இருபத்தாறு நாள்தான் இருந்தது.

பயிற்சி எடுக்க ஆரம்பித்தபோதுதான் கோளாறு தெரிந்தது. வீட்டில் வைஃபை நன்றாக இருக்கும், திடீரென்று அறுந்துவிடும். அத்தான் காலையில் மடிக்கணினியைக் கடைக்குத் தூக்கிப் போவார், சார்ஜரில் செருகி நாள் முழுக்கப் பார்ப்பார். ஒரு தடவைகூட அறுந்துபோகாது. சாயங்காலம் முழு சார்ஜோடு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் மறுபடி அதே கதை. வீட்டுப் பேட்டரி விளக்குக்கே போதாது என்பதால் வீட்டில் யாரும் சார்ஜர் செருகுவதில்லை.

"என்னங்க, மறுபடி போச்சு."

"கடையில குதிரை மாதிரி ஓடுது. உன்னைப் பார்த்தாத்தான் படுத்துக்குது. மூஞ்சிய கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்க."

"உங்களைப் பார்த்துக்கிட்டே பன்னெண்டு வருஷம் சிரிச்சாச்சு. முதல்ல பொட்டிய சரி பண்ணுங்க."

அத்தான் வைஃபை பிடிக்கிற அடாப்டரின் மென்பொருளை அழித்து மறுபடி போட்டார். உள்ளே திறந்து ஆண்டெனாக் கம்பியை அழுத்திவிட்டார். கடைசியில், பக்கத்தில் செருகுகிற புது அடாப்டர் ஒன்று வாங்கினார். அதுவும் அறுந்தது. எனக்கு அப்போதே சந்தேகம் இல்லை, நெட்வொர்க்தான் கோளாறு. மொட்டை மாடியில் டவர் வைத்து ஊருக்கெல்லாம் ரகசிய எண் போட்ட வைஃபை அட்டை விற்கிற ஸாதிக்கிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"வாங்க பட்டதாரி," என்றான், கன்னம் நிறைய, போதைக்கு மெல்லுகிற காத் இலையோடு. "டவர்ல கோளாறுன்னா ஊரே என் வாசல்ல நின்னு என் அப்பனைத் திட்டும். உங்க அக்காவுக்கு மட்டும் நான் தனியா அறுத்து விடுறேனா? உங்க பொட்டியப் பாருங்கப்பா."

அவன் சொன்னதில் எல்லாமே இருந்தது. நான் காதில் வாங்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் அத்தான் சொன்னார். "கடையில அறுந்துபோகலையே. கதவ இழுத்து விட்டுர்றேன், அங்கேயே உக்காந்து எழுதட்டும்."

"சந்தை நடுவுலயா? ஆம்பளைங்க கதவத் தட்டிக்கிட்டே இருப்பாங்க. அக்கா நிம்மதியா எழுத வேண்டாமா? வீட்டுக்கு சிக்னல் வாங்குற ஆண்டெனாவ நான் மாடியில இன்னும் உயரத் தூக்கிக் கட்டுறேன் அத்தான். இதுக்குத்தானே படிச்சேன்?"

அத்தான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவர். என் படிப்பின்மேல் அவருக்கு மரியாதை உண்டு. கடைச் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எண்பது கேள்வி, இரண்டு மணி நேரம். இணைப்பு மூன்றாவது முறை அறுந்தால் பரீட்சை தானாக மூடிவிடும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அக்கா உள்ளே, நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே. பதினாறாவது கேள்வியில் கூப்பிட்டாள். அத்தான் ஓடிப்போய் அடாப்டரைப் பிடுங்கிச் செருகினார், வந்துவிட்டது. நாற்பத்தொன்றில் இன்னொரு தடவை. அதற்குப் பிறகு வெகுநேரம் விசைச் சத்தம் மட்டும் கேட்டது. மழை பிடித்துக்கொண்டது. எழுபத்திரண்டாவது கேள்வி ஒரு கணக்கு. அக்கா மடிக்கணினியைத் தொடாமல் தாளில் போட்டுக்கொண்டிருந்தாள். விடை கண்டுபிடித்து நிமிர்ந்தபோது திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. உங்கள் தேர்வு முடிக்கப்பட்டது.

எங்களை அவள் கூப்பிடவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டுத்தான் உள்ளே போனோம்.

அத்தான் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் அமைப்புகளை ஒவ்வொரு பக்கமாகத் திறந்தார். மின்சாரச் சிக்கனத்துக்கான பக்கத்துக்குள் போனதும் அவர் விரல் நின்றது. பேட்டரியில் ஓடும்போது வைஃபைக்கு அதிகபட்ச சிக்கனம், உள்ளிருப்பதோ செருகியதோ, சும்மா இருக்கும் அடாப்டரை அணைத்துவிடு. சார்ஜரில் இருந்தால் இந்த விதி கிடையாது. அதனால்தான் கடையில் அறுந்துபோகவில்லை. அவள் தட்டிக்கொண்டே இருக்கும்வரை அடாப்டர் விழித்திருந்தது, யோசிக்க நிறுத்தினால் தூங்கிவிட்டது. வாங்கிவந்த முதல் நாளே அத்தான் தன் கையால், பழக்கத்தில், போட்ட அமைப்பு. ஊருக்கே போட்டுக் கொடுத்தது.

எனக்கும் புரிந்துவிட்டது. அக்காவுக்குப் புரிய வழியில்லை.

"ஸாதிக்கோட டவர்னு சொல்லிடலாம் அத்தான்," என்று முணுமுணுத்தேன்.

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "இன்திஸார், இது நான் பண்ணது," என்றார். எது, எப்போது, ஏன் என்று ஒன்று விடாமல் சொன்னார்.

அக்கா கணக்குப் போட்ட தாளை நாலாக மடித்தாள். அப்புறம் கேட்டாள்:

"பேட்டரியில எவ்வளவு நேரம் மிச்சமாச்சு?"

அத்தான் மடிக்கணினியை மூடிவைத்தார்.

மறுநாளிலிருந்து கடையைப் பாதி நாள் மூடிவிட்டு, தான் தொட்ட மடிக்கணினிகளைத் தேடி வீடு வீடாகப் போனார். ஒவ்வொன்றிலும் அந்த அமைப்பை எடுத்துவிட்டார். ஒரு மாதத்தில் ஜனங்கள் கடைக்கு வந்து சத்தம் போட்டார்கள். "நீ தொட்டதுலேர்ந்து பேட்டரி நிக்கவே மாட்டேங்குதே ஷவ்கி! கை கெட்டுப்போச்சாய்யா உனக்கு?" அவர் காரணம் சொன்னதில்லை. பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அக்கா இப்போது ஸாதிக்கின் வைஃபை அட்டைகளை எடுத்து வைத்து வீட்டிலிருந்தபடி பெண்களுக்கு விற்கிறாள். அட்டை வாங்க வருகிறவர்களில் யாராவது ஒருத்தி, "அறுந்து அறுந்து வருதுக்கா," என்பாள்.

"சார்ஜர்ல சொருகிப் பாரு," என்பாள் அக்கா.

அத்தான் உள்ளறையில் இருந்தால், அந்த நேரத்தில் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.