ஒரு விரல் தாழ்ந்த தோள்

சண்டைக் காட்சிகளில் உருண்டு பிழைக்கும் ஆட்களிடையே அவருக்குச் 'சாய்வு' என்று பெயர். இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் அகலம் தாழ்ந்திருக்கும். இருபத்திரண்டு வயதில் ஒரு படப்பிடிப்பில் இரும்புச் சாரத்திலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்தது. தயாரிப்பு நிர்வாகி ஒரு துண்டால் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, "இன்னும் ரெண்டே ஷாட்தான்பா, பல்லைக் கடிச்சுக்கோ" என்றார். அந்த இரண்டு ஷாட் இரண்டு நாள் நீண்டது. எலும்பு தன் போக்கில் கூடிக்கொண்டது; சில மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் அது தெரிந்தது. விதி என்று சொன்ன உறவினர்கள் உண்டு. மருத்துவமனை பத்து நிமிடத் தொலைவில் இருந்தது. வெளியே மூன்று வண்டிகள் நின்றன. ஒருவரும் சாவியை எடுக்கவில்லை. இதில் விதி எங்கே வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

முப்பத்தைந்து வயதில் அவருக்கு அந்த உடை கிடைத்தது. ஊரைக் காப்பாற்றும் முகமூடி நாயகனின் உடை, உச்சந்தலை முதல் கால்விரல்வரை மூடியது. முகமூடியைக் கழற்றும் நான்கு காட்சிகளில் நட்சத்திரம் வருவார், குரலும் அவருடையது. குதிப்பது, விழுவது, எரியும் பேருந்துக்குள்ளிருந்து நடந்து வருவது எல்லாம் சாய்வு. யார் உடையை அதிக நாள் போடுகிறாரோ அவர் உடம்பில்தான் வார்ப்பு எடுப்பார்கள். மற்றவருக்குப் பஞ்சு வைத்துச் சரிக்கட்டுவார்கள். அது அந்தத் தொழிலின் வழக்கம். பிளாஸ்டர் இறுகும்வரை நாற்பது நிமிடம் மூச்சை அளந்து விட்டுக்கொண்டு நின்றார். தாழ்ந்த தோளும் அப்படியே வார்ப்பில் ஏறியது.

படம் ஓடியது. சுவரொட்டியிலும் பிளாஸ்டிக் பொம்மையிலும் பள்ளிப் பைகளிலும் அந்தத் தோள் சாய்ந்து நின்றது. உலகத்தின் பாரத்தைச் சுமக்கும் தோள் அது என்றும், அந்த நடைக்காக நட்சத்திரம் எட்டு மாதம் பயிற்சி எடுத்தார் என்றும், டூப்பே போடாமல் நடித்தார் என்றும் பத்திரிகைகள் எழுதின. சாய்வு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் எட்டாம் பக்கத்தில், உடைக்குள் இருந்தது யார் என்று வெளியே சொல்லக் கூடாது என்று இருந்தது. அவர் ஏழாம் பக்கத்தில் வாசிப்பதை நிறுத்தியிருந்தார்.

விழாக்களில் கூட்டம் அந்த நடையைக் கேட்டது. நட்சத்திரத்துக்கு வரவில்லை. அதனால் வாரம் ஒருமுறை சாய்வின் குடியிருப்புக்கு வந்து மொட்டைமாடியில் நடந்து பழகினார். "அண்ணே, இப்ப சரியா இருக்கா?" என்று கேட்பார். "வலிக்கிற மாதிரி நடங்க சார், அழகா நடக்காதீங்க" என்பார் இவர். இடையில் நட்சத்திரம் ஒரு பள்ளிக்கூட எழுத்தராக ஒரு படம் நடித்தார். நன்றாகவே நடித்திருந்தார். அரங்கில், "முகமூடியைப் போடுப்பா, வீட்டுக்குப் போகணும்" என்று யாரோ கத்த, மொத்தக் கூட்டமும் சிரித்தது. படம் ஐந்தாம் நாளே அரங்குகளிலிருந்து தூக்கப்பட்டது. அதன்பின் முகமூடிப் படத்தின் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம்.

நாற்பத்தாறு வயதில் சாய்வுக்கு முழங்கால் போனது. இனிக் குதிக்க முடியாது, கற்றுக்கொடுக்கலாம். அதற்குச் சங்கத்தின் பயிற்சியாளர் அட்டை வேண்டும். ஒரே படத்தில் நூறு நாள் உருண்டதற்குச் சான்று, இல்லையென்றால் முன்னணி நடிகர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம். கம்பெனிப் பதிவேட்டில் அவர் 'உடை உதவியாளர்' என்று இருந்தார்.

சங்கச் செயலாளரின் மேசையில் அந்தப் பொம்மை காகிதம் பறக்காமல் அழுத்திக்கொண்டிருந்தது.

"நான்தான் உள்ள இருந்தேன், சார்."

"எங்க, நடந்து காட்டு."

சாய்வு கதவுவரை நடந்து திரும்பினார்.

"நல்லாத்தான் இருக்கு. என் பேத்திகூட இப்படித்தான் நடக்கறா. பள்ளிக்கூடத்துல நேரா நில்லுன்னு திட்டு வாங்கிட்டு வர்றா."

சாய்வு பழைய எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினார். முதல் பாகம் வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தேதி மூலையில் இருந்தது. செயலாளர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பொம்மையையும் தூக்கிப் பக்கத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீ சொல்றது நெசம்தான்யா. ஆனா எலும்புல கம்பெனி சீல் இல்லையே. அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. அன்னைக்கே அட்டை."

நட்சத்திரத்தின் வீட்டில் அவரே தேநீர் போட்டுக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"முகமூடி இல்லாம என்னை எவனும் பாக்க மாட்டேங்கறான், அண்ணே. அதுக்குள்ளயும் நான் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா அப்புறம் நான் எங்க இருக்கேன்?"

இது பொய்யில்லை. ஆனால் இந்தக் கவலையைப் பளிங்குத் தரையில் நின்று படுகிற ஒருவரும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்கிற ஒருவரும் ஒரே தராசில் ஏறிவிட முடியாது. சாய்வு தேநீரைக் குடித்து முடித்தார்.

"அட்டை கிடைச்சா போதும் சார்" என்றார்.

நட்சத்திரத்தின் முகம் தெளிந்தது. "அதுக்கு ஒரு வழி இருக்கு, அண்ணே."

கடிதம் மறுநாள் வந்தது. வீட்டில் மனைவி அதைச் சத்தமாக வாசித்தார். அவர் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்பவர். அந்த எக்ஸ்ரேயை மடியாமல் இத்தனை வருடம் பீரோவில் வைத்திருந்ததும் அவர்தான்.

"'இவர் என் நடையையும் உடல்மொழியையும் என்னிடமிருந்தே கற்றவர். என்னை இவ்வளவு துல்லியமாகப் பின்பற்றும் ஒருவரை நான் பார்த்ததில்லை.'" காகிதத்தைக் கீழே வைத்தார். "மொட்டைமாடியில நான்தானே துணி காயப்போட்டுக்கிட்டு நின்னேன். யார் யாருக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னு அந்தக் கொடிக்கயித்துக்குக்கூடத் தெரியும்."

"ம்."

"என்ன பண்ணப் போறீங்க?"

"குடுக்கப் போறேன்."

"கோவம் வரலியா உங்களுக்கு?"

"வரணும்னு தெரியுது. வரல."

"எனக்கு வருது. ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பட்டுக்கறேன், விடுங்க."

செயலாளர் கடிதத்தை வாசித்தார். எக்ஸ்ரேயைப் பார்த்த அதே கண்கள். முத்திரை குத்தினார். உண்மைக்கு முத்திரை இல்லை என்றவர், பொய்யென்று தெரிந்த ஒன்றுக்கு மையை ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். இதை நடைமுறை என்பார்கள்.

வகுப்பு ஒரு பழைய கிடங்கில் தொடங்கியது. முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள், நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். வரிசையாக நிற்கச் சொன்னார். ஆறு இடது தோள்களும் ஒரு விரல் தாழ்ந்தன.

"நேரா நில்லுங்க" என்றார்.

"அவர் மாதிரிதானே மாஸ்டர்?" என்றாள் ஒருத்தி. "நீங்க அவர்கிட்ட கத்துக்கிட்டவராமே. நோட்டீஸ்ல போட்டிருக்கு."

சாய்வு பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் நான்கு மூலையிலும் ஒட்டுநாடா போட்டு ஒட்டினார். வெளிச்சம் அதன் வழியே வந்தது. யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"இது காறை எலும்பு. உடைஞ்சப்ப டாக்டர்கிட்ட போகாம விட்டது. தப்பாக் கூடியிருக்கு, பாருங்க. இதைப் பாத்து யாரும் நடக்க வேண்டாம்."

பிறகு ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துச் சுவரில், எல்லோருக்கும் தெரியும் உயரத்தில், எலும்பு மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதினார்.

"இதுதான் முதல் பாடம். விழுந்தா இந்த நம்பர். நிர்வாகி அப்புறம். துண்டை எடுத்துக்கிட்டு எவன் பக்கத்துல வந்தாலும் இந்த நம்பர்."

ஆறு பேரும் எழுதிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் எழுதி முடித்து நிமிர்ந்தபோது, பழக்க தோஷத்தில், தோளை மறுபடி சாய்த்தான். சாய்வு அருகே போய் அதை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தூக்கி வைத்தார்.